மூன்றாவது வண்டி

“இந்த வண்டி போகுமா, சொல்லுங்கம்மா” என்று கேட்டார் திருமேனி.

ஊசியம்மா அந்த மோட்டார் சைக்கிளைப் பார்க்கவில்லை. தடுப்பூசிப் பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்கீங்க சார் போகணும்?”

“லடாக். பதினெட்டாயிரம் அடி.”

“அடேங்கப்பா” என்றாள். கேலி இல்லை. உண்மையாகவே வியந்துதான் சொன்னாள்.

அவள் பெயர் கோகிலவாணி. மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். வயது முப்பத்தொன்று. ஏழெருமைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலைக் குடியிருப்பில் ஊசியம்மா என்று வைத்த பெயர், மெல்ல மெல்லக் கீழேயும் இறங்கி வந்துவிட்டது. பள்ளம் என்றால் அங்கே காட்டாறு.

சத்தியமங்கலத்து மெக்கானிக் ஒருவர்தான் திருமேனியை அவளிடம் அனுப்பினார்.

“எனக்கு நட்டு போல்ட்டு தெரியும் சார். எந்த வண்டி எந்த வழிக்கு ஆகும்னா, அது அந்த நர்ஸம்மாவுக்குத்தான் தெரியும். ஒம்பது வருசமா மலை ஏறுறாங்க. ஒரு புதன்கிழமைகூட ஊசி போகாம நின்னதில்லை.”

திருமேனி முப்பத்துநாலு வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் இமயமலையை எத்தனையோ தடவை வரைந்தவர். நேரில் பார்க்க இரண்டு தடவை புறப்பட்டார். முதல் வண்டியின் வயிறு பாறையில் இடித்து எண்ணெய் ஒழுகிப்போனது. இரண்டாவது வண்டி ஓடைத் தண்ணீரைக் குடித்துப் படுத்துவிட்டது. லாரியில் ஏறித் திரும்பி வந்தார்.

இது மூன்றாவது. முழங்கால் இன்னும் ஒரே ஒரு கோடையைத்தான் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த வண்டி போகவில்லை என்றால், அவரும் போகப்போவதில்லை.

“நல்லாப் பாருங்கம்மா. அடிவயித்துக்கும் தரைக்கும் ஒன்பது அங்குலம். முன்சக்கரம் பெருசு, எந்தக் குழியிலயும் ஏறி இறங்கும். டேங்க் நிரப்பினா நானூறு கிலோமீட்டர் ஓடும். ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. இன்னும் என்ன வேணும்?”

ஊசியம்மா பெட்டியை மூடினாள்.

“இது கீழ விழுந்தா எத்தனை பேருங்க சார் வருவாங்க?”

“தூக்க மூணு பேர் வேணும். பெட்டியெல்லாம் கழட்டிட்டா ரெண்டு பேர் போதும்.”

“எத்தனை பேர் வேணும்னு நான் கேக்கலீங்களே.”

அவருக்குப் புரியவில்லை.

“இன்னைக்குப் புதன்கிழமை. எம் பின்னாலயே வாங்க” என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியை உதைத்தாள்.

பழைய நூறு சிசி வண்டி. இடதுபக்கக் கண்ணாடி இல்லை. சீட்டுக் கிழிசலில் உரச்சாக்கை வைத்துத் தைத்திருந்தார்கள்.

இதுவா, என்று நினைத்துக்கொண்டார் திருமேனி.

*

ஐப்பசி மாதம். ஏழெருமைப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. இந்தக் கரை மரத்துக்கும் அந்தக் கரை மரத்துக்கும் ஒரு கம்பி கட்டியிருந்தார்கள். பிடித்துக்கொண்டு கடப்பதற்கு.

அக்கரையில் நாலு பேர் காத்திருந்தார்கள். ஊசியம்மா கையைக் காட்டியதும் மூங்கிலோடு இறங்கி வந்தார்கள். அவள் வண்டியை மூங்கிலில் கட்டித் தோளில் வைத்து, கல்யாணப் பல்லக்கு மாதிரி கொண்டுபோய் அக்கரையில் இறக்கினார்கள்.

திருமேனி வாய்பிளந்து நின்றார்.

“என் வண்டியையும் அப்படி...” என்று இழுத்தார்.

நால்வரில் மூத்தவன் சடையன். அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். டேங்கைத் தட்டிப் பார்த்தான்.

“இது ஆனைங்க. இதையெல்லாம் தூக்க ஆகாதுங்க.”

“ரெண்டு கட்டு கரும்பு போட்டுப் பாருங்க சார், தானா நடந்து வந்தாலும் வரும்” என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். திருமேனி சிரிக்கவில்லை.

வண்டியைக் கரையிலேயே நிறுத்தினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு தண்ணீரைக் கடந்தார். அங்கிருந்து ஊசியம்மாவின் வண்டியில் பின்சீட்டு. மடியில் தடுப்பூசிப் பெட்டி.

“இறுக்கிப் புடிச்சுக்குங்க சார்” என்றாள்.

“விழமாட்டேன்மா.”

“பெட்டியச் சொன்னேங்க.”

*

குடியிருப்பில் பதினாறு குழந்தைகள். பதினாறும் அழுதன. திருமேனி பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். வேறு வேலை அவருக்கு அங்கே இல்லை.

மாதி என்ற பெண், ஊசி போட்ட பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே அவரிடம் வந்தாள்.

“நீங்களும் ஊசிக்காரருங்களா?”

“இல்லம்மா. பூகோள வாத்தியார்.”

“அப்படின்னா?”

“எது எங்க இருக்குது, எது எங்க போகுதுன்னு சொல்லிக் குடுக்கறவன்.”

மாதி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினாள்.

“அப்ப எங்க பள்ளம் எங்கீங்க போவுது?”

திருமேனி ஒரு குச்சியை எடுத்தார். மண்ணில் ஒரு சுழி போட்டார். “இது உங்க ஊர்.” அங்கிருந்து ஒரு கோடு இழுத்தார். பள்ளம் மாயாற்றில் விழுந்தது. மாயாறு பவானியில் சேர்ந்தது. பவானி காவேரிக்குள் போனது. குனிந்த முதுகு நிமிராமல், வாசல் தாண்டி, ஆட்டுப்பட்டி தாண்டி இழுத்துக்கொண்டே போனார். எங்கே போகிறார் என்று பார்க்க ஊரே பின்னால் வந்தது. அழுத பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு வந்தன.

கடைசி வேலியோரம் குச்சி நின்றது.

“இது கடல்.”



மாதி திரும்பி நடந்தாள். கோட்டை மிதிக்காமல், அதன் ஓரமாகவே போய், சுழிக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து கேட்டாள்.

“நாங்க காலு கழுவுன தண்ணி கடல்லயா கெடக்குது?”

“ஆமாம்மா.”

“பெரிய கடல்லயா?”

“பெரிய கடல்ல.”

சடையன் தலைப்பாகையை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். கோயிலில் நிற்கிற மாதிரி நின்றான்.

திருமேனி கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். இந்தக் கோட்டை முப்பத்துநாலு வருடம் சாக்பீஸால் வரைந்திருக்கிறார். அது தொடங்குகிற இடத்தில் அவர் கால் பட்டது இன்றைக்குத்தான்.

*

அப்போதுதான் மேல்காட்டில் இடி விழுந்து மழை கொட்டியது. கொஞ்ச நேரத்தில் கீழிருந்து ஒருவன் ஓடி வந்தான்.

“தண்ணி ஏறுது! வாத்தியாரு வண்டி!”

எல்லோரும் பள்ளத்துக்கு ஓடினார்கள். திருமேனி நொண்டிக்கொண்டே கடைசியில் வந்தார்.

காலையில் இடுப்பளவு இருந்தது இப்போது நெஞ்சளவு. செம்மண் நிறம். மரக்கிளைகள் உருண்டு போயின. அக்கரையில் கரை அரித்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முன்சக்கரம் தண்ணீருக்குள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு சாண் சாய்ந்தது.

திருமேனி வாயைத் திறந்தார். யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

சடையன் ஒரு விசில் அடித்தான்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு மூங்கில் வந்தது. கயிறு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஏழு ஆண்கள், மூன்று பெண்கள். பிள்ளையை ஊசியம்மா கையில் கொடுத்துவிட்டு இறங்கிய மாதி அந்த மூவரில் ஒருத்தி.

அக்கரையில் ஏறி, வண்டிக்கு அடியில் மூங்கிலைக் கொடுத்தார்கள்.

“ஏலேய்... ஹோய்!”

ஆனை அசைந்தது.

“ஏலேய்... ஹோய்!”

ஆனை எழுந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட, அலுமினியப் பெட்டிகளோடு, ஆகாயத்தில் எழுந்தது. பத்துத் தோள்களின் மேல் மேட்டைப் பார்த்து நடந்தது.

திருமேனி எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியாது. கைகள் தாமாகக் குவிந்திருந்தன.

ஊசியம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

*

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. திருமேனி கம்பியைப் பிடித்து அக்கரைக்கு வந்தார். மேட்டில், பாறைமேல், வண்டி நின்றது. யாரோ டேங்கின் சேற்றைத் தழையால் துடைத்திருந்தார்கள்.

சடையன் தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூங்கில் அழுத்திய இடம் வீங்கியிருந்தது.

“சடையா, காலையில இதைத் தூக்க ஆகாதுன்னு சொன்னியேப்பா.”

“ஆமாங்க.”

“அதே வண்டிதானே?”

“காலையில அது யாரு வண்டியோ, வாத்தியாரே.”