மூளியின் இறுதி ஊர்வலம்

"செத்த மாட்டை ரோட்டுல இழுத்துட்டுப் போனாப் பாவமுங்களா, சாமி?"

கேட்டவர் செங்கோடன். வயசு அறுபதை நெருங்குகிறது. சொத்து என்று பார்த்தால் ரெண்டு கறவை மாடு, ஒரு கிழட்டு எருமை, மானாவாரிக் காடு கொஞ்சம், இருமி இருமிக் கிளம்பும் டிராக்டர் ஒன்று. கரடு என்கிற அந்தப் பாறைக்குன்றில் ஏறி வந்ததில் அவருக்கும் டிராக்டர் போலத்தான் மூச்சு வாங்கியது.

ஊரே சாமி என்று கூப்பிடுகிற அந்த ஆள் அவரைவிடப் பத்து வயசு சின்னவர். கரட்டு உச்சியில் ஓடு வேய்ந்த மடம். அதில் அவரும் ஒரு பூனையும். உபதேசம் என்று அவர் எதையும் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் ஆட்கள் ஏறி வந்துகொண்டுதான் இருந்தார்கள். வந்தவர்களிடம் கடலை உரிக்கக் கொடுப்பார்.

செங்கோடன் பக்கமும் முறத்தைத் தள்ளினார்.

"யாரு பார்த்தாங்க?" என்றார்.

செங்கோடனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயமே அதுதான்.

"பொன்னகர்க்காரங்க பார்த்துட்டாங்க."

பொன்னகர், செங்கோடன் காட்டை ஒட்டி முளைத்த குடியிருப்பு. வீட்டுக்கு வீடு பால்கனி. காலையும் மாலையும் அவர் கறக்கிற பால் அங்கேதான் போகும்; காலையில் இவர் கொண்டுபோய் ஊற்றுவார், மாலையில் அவர்களே வந்து வாங்கிக்கொள்வார்கள். செவலை மாடு வயிறு உப்பிச் செத்த அன்று காட்டுக்குள் சோளம் நின்றது. காட்டுக் கோடியில் தோண்டிய குழிக்கு உள்வழியாகப் போக முடியாது. பின்னங்காலில் சங்கிலியைப் போட்டு, டிராக்டரில் மாட்டி, பொன்னகர் தார்ரோட்டைச் சுற்றிக்கொண்டு இழுத்துப் போனார். எல்லாரும் வாசலுக்கு வருகிற நேரம். ஒரு பால்கனியில் ஒரு போன். அவ்வளவுதான்.

"வாட்சப்புல வந்துடுச்சுங்க. 'இரக்கமில்லாத மனுசன்'னு எழுதி, கீழ அழுவுற பொம்மை வேற. மறுநாளு ஒவ்வொருத்தரா, 'இனி பாக்கெட் பால் வாங்கிக்கறோம்'னு கேட்டைச் சாத்திட்டாங்க. பாலு நின்னா மாட்டை விக்கோணும். மாட்டை வித்துப்போட்டுக் காலைல எந்திரிச்சு நான் யாரைத் திட்டுவேன்?"

சாமி ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"வீடியோ எடுக்கலைன்னா?"

"நிம்மதியாத் தூங்கியிருப்பேனுங்க."

"செவலை ஒண்ணும் சொல்லலீங்களா?"

"செத்த மாடு என்னங்க சாமி சொல்லும்?"

"நல்ல மாடு" என்றார் சாமி.

முறம் காலியாகும்வரை செங்கோடன் உரித்தார். பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கினார். பாதி வழியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கரடு ஏறியவர்களுக்கு இறங்கும்போது இந்த வியாதி வருவதுண்டு.

"செவலைக்குப் பெரிய காரியம் பண்ணச் சொல்லிட்டாரு சாமி" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

பாவாயி சாணி வழித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருசன் சொல்வதில் பாதியைச் சாணியோடு சேர்த்து வழித்துவிடுகிறவள்.

"வாயைத் தொறந்து சொன்னாருங்களா?"

"நல்ல மாடுன்னாரு."

"அது எனக்கே தெரியும். அதுக்கு எதுக்குக் கரடு ஏறோணும்?"

காரியத்துக்கு முதலில் வேண்டியது ஃபிளக்ஸ். ஃபிளக்ஸுக்கு வேண்டியது போட்டோ. அங்கேதான் இடித்தது. பத்து வருசம் அந்த மாட்டின் மடியைப் பார்த்துக்கொண்டே விடிந்திருக்கிறது. ஒரு போட்டோ எடுக்கத் தோன்றவில்லை.

"மாடுதானுங்களே, நானே போட்டுடறேன்" என்றான் ஃபிளக்ஸ் கடைக்காரன்.

போட்டான். கறுப்பும் வெளுப்புமாக ஒரு சீமைப் பசு. பின்னால் பனிமலை. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே கைகூப்பியபடி செங்கோடன். அது மச்சினன் மகள் கல்யாணத்தில் எடுத்த படம்; ஜரிகை வேட்டி, நெற்றியில் சந்தனம், வாய் நிறையச் சிரிப்பு. படம் தெளிவாக இருந்ததால் கடைக்காரன் அதைக் கொஞ்சம் பெரிசாக்கிவிட்டான். பசு அவர் இடுப்பு உயரத்துக்கு வந்தது.

செங்கோடன் அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கரடு ஏறினார். சாமி முன்னால் விரித்துக் காட்டினார்.

சாமி வெகுநேரம் பார்த்தார். பூனையும் பார்த்தது.

"இதுல செத்தது யாருங்க?" என்றார் சாமி.

செங்கோடன் ஃபிளக்ஸை அவசரமாகச் சுருட்டிக் கட்டிக்கொண்டு இறங்கினார். அதற்காக வைக்காமல் விட்டுவிடவும் இல்லை.

"அடிச்சாச்சு. அப்புறம் வெக்காம?" என்றார் பாவாயியிடம்.

"வெய்ங்க. பாக்கறவங்க உங்களுக்குத்தான் காரியம்னு மாலையோட வரட்டும். நானும் ரெண்டு நாளைக்கு நிம்மதியா இருப்பேன்."

காரியம் நன்றாகவே நடந்தது. ஃபிளக்ஸைப் பார்த்துப் பொன்னகர் மொத்தமும் வந்தது. முன்வரிசையில் வத்சலா மேடம். பொன்னகர்ச் சங்கத்துக்குத் தலைவர். அவர் சொன்னால் அங்கே தெருவிளக்கு எரியும், அவர் நிறுத்தச் சொன்னால் பால் நிற்கும். பனிமலைப் பசுவுக்குப் பூப்போட்டவர் திடீரென்று கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு விசும்பினார்.

"எங்கப்பா போனப்ப நான் வெளிநாட்டுல இருந்தேன். வீடியோலதான் பார்த்தேன்" என்றார்.

செங்கோடன் ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார்.

"காப்பி சாப்பிடுங்க மேடம்" என்றார்.

மறுநாள் பால் மறுபடி போனது. முன்னைவிடக் கூடுதலாகவே கேட்டார்கள். வாட்சப்பில் இப்போது, 'இப்படியும் ஒரு மனுசன்'. கீழே கும்பிடும் பொம்மை. செங்கோடன் அதைத் தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டார். தெருவில் போகும்போது கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. மாட்டைத் திட்டுவதையும் குறைத்துக்கொண்டார், பால்கனிக்குக் கேட்டுவிடுமே என்று.

பிறகு ஒருநாள் விடிந்தபோது வாசலில் கட்டியிருந்த கிழட்டு எருமை எழவில்லை.

அதற்கு மூளி என்று பேர். வலது கொம்பு பாதியில் போனது. பால் வற்றி வெகுகாலம் ஆயிற்று. விற்கச் சொன்னவர்களிடம் எல்லாம், "சாணிக்காச்சும் ஆகுமுங்க" என்று சாக்குச் சொல்லி வைத்திருந்தார் செங்கோடன். சாணிக்கு மற்ற மாடுகளே போதும் என்பது அவருக்கும் தெரியும், மூளிக்கும் தெரியும்.

பாவாயி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீண்டிருக்காது.

செங்கோடன் முதலில் கூப்பிட்டது குழி தோண்ட ஜேசிபியை. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. அடுத்துக் கூப்பிட்டது வத்சலா மேடத்தை.

"மேடம், நம்ம மூளி போயிடுச்சுங்க."

"ஐயோ! எதுவும் பண்ணிடாதீங்க. நாங்க வந்துடறோம். இழுக்கவெல்லாம் வேண்டாம், சரியா? மரியாதையா பண்ணலாம்."

வந்தார்கள். பந்தல் போடலாமா என்று ஒருவர். பேண்டு சொல்லியாச்சு என்று ஒருவர். மாலைக்கு டவுனுக்கு ஆள் போயிருக்கிறது என்று ஒருவர். வெயில் ஏறுகிறதே என்று ஒருவர் கவலைப்பட்டு, போனில் ஃப்ரீசர் பெட்டிக்காரனைப் பிடித்தார்.

"ஆள் எவ்வளவு உயரமுங்க?" என்றான் பெட்டிக்காரன்.

"ஆள் இல்லைங்க. எருமை."



"குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டான்.

பெட்டி இல்லையென்றால் சொர்க்கரதம். ரதக்காரன் ஒத்துக்கொண்டான். ஆனால் ரதத்தில் எப்படி ஏற்றுவது? ஆறேழு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். மூளி அசையவில்லை. உயிரோடு இருந்தபோதும் அது யார் சொல்லியும் அசைந்ததில்லை. ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது சுலபமாக இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தது. மூளியின் வயிறு எழும்பிக்கொண்டே போனது. ஈ மொய்த்தது. மணம் என்று சொல்ல முடியாத ஒன்று மெல்லக் கிளம்பியது. கூட்டம் மரியாதையாக ஓரடி பின்னால் போனது. பிறகு இன்னொரு அடி.

செங்கோடன் வாசலில் நின்று ஒவ்வொரு போனுக்கும் முகம் கொடுத்துக்கொண்டிருந்தார். மூளி எத்தனை சாது, எத்தனை அறிவு என்று சொன்னார். அது ஒருதடவை அவரை முட்டிப் பள்ளத்தில் தள்ளியதை விட்டுவிட்டார்.

கரட்டிலிருந்து பார்த்தால் செங்கோடன் வீட்டு வாசல் தெரியும். கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சாமி இறங்கி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே போய் மூளியின் தலைமாட்டில் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினார். நின்றார். மறுபடி வீசினார்.

நாலைந்து போன்கள் அந்தப் பக்கம் திரும்பின.

"அது என்ன சடங்கு?" என்று வத்சலா மேடம் கிசுகிசுத்தார்.

செங்கோடனுக்குத் தெரியவில்லை.

"எங்க வழக்கமுங்க" என்றார்.

அப்போது கொட்டகையிலிருந்து மாடுகள் கத்தின. ஒன்று அடிவயிற்றிலிருந்து கதற, மற்றது சேர்ந்துகொண்டது. நிற்கவே இல்லை.

"கேளுங்க, கேளுங்க!" என்றார் வத்சலா மேடம். அவர் குரல் உடைந்தது. "கூட இருந்த உயிர் போச்சுன்னு அதுங்களுக்குத் தெரியுது."

கூட்டம் உச்சுக்கொட்டியது. செங்கோடன் துண்டால் கண்ணைத் துடைத்தார். நிஜமாகவே தண்ணீர் வந்தது. மாடு அழுகிறது, ஊர் அழுகிறது, அவர் அழாமல் என்ன செய்வார்.

சாமி திரும்பிப் பார்த்தார்.

"கறந்தாச்சுங்களா?" என்றார்.

செங்கோடன் துண்டைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

கறக்கவில்லை. காலையிலிருந்து கறக்கவில்லை. தண்ணி காட்டவில்லை. ஒரு பிடிச் சோளத்தட்டு அள்ளிப் போடவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ரெண்டு மாட்டுக்கும் மடி பாறையாக இருந்தது. கையை வைத்ததும் மாடு காலை உதைத்தது. "பொறு தாயி, பொறு" என்று சொல்லிக்கொண்டே கறந்தார். பால் தரையெல்லாம் சிந்தியது. கத்தல் மெல்ல நின்றது. மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக் கொடுத்தபடி, தட்டியின் ஓட்டை வழியாக வாசலைப் பார்த்தார்.

அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஓட்டு முகட்டில் ஒரு காக்கை. அது இறங்கும். மூளியின் கண்ணுக்குத்தான் குறி. சாமி துண்டை வீசுவார். காக்கை ஏறிக்கொள்ளும். மறுபடி இறங்கும்.

வந்ததிலிருந்து அந்த ஆள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

விடிந்ததிலிருந்து மூளியின் முகத்தைத் தான் பார்க்கவில்லை என்பது செங்கோடனுக்கு அப்போது உறைத்தது.

பால் குடத்தை மூடி வைத்தார். ரெண்டு மாட்டுக்கும் தண்ணி காட்டினார். கொட்டகை மூலையிலிருந்து சாக்கு ரெண்டையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மூளியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். சாமி கையிலிருந்த துண்டை வாங்கி அதன் கண்ணை மூடிக் கட்டினார். தலைக்கு அடியில் சாக்கைக் கொடுத்துக் கட்டினார், ரோட்டில் தேயாமல் இருக்க. உடைந்த கொம்பை ஒருதடவை தடவினார்.

"பிடிவாதக்காரி" என்றார்.

பிறகு டிராக்டரைக் கிளப்பினார்.

வத்சலா மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "இன்னும் அரைமணி நேரம்! மாலை வந்துகிட்டே இருக்கு!"

"மூளி தாங்காதுங்க மேடம். இப்பவே வெடிக்கற மாதிரி நிக்குது."

"எல்லாரும் வீடியோ எடுக்கறாங்க செங்கோடன். உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"எடுக்கட்டுமுங்க. தள்ளி நின்னு எடுக்கச் சொல்லுங்க. சங்கிலி அறுந்துச்சுன்னா காலு போயிடும்."

காட்டில் சோளம் இன்னும் அறுக்கவில்லை. அதே தார்ரோடு. அதே பால்கனிகள். செங்கோடன் முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். சாமி முன்னால் நடந்து, எதிரே வந்த வேனைக் கைகாட்டி நிறுத்தினார்.

"வழி யாருக்குங்க?" என்றான் டிரைவர் தலையை நீட்டி.

"எருமைக்கு."

டிரைவர் ஒருதடவை பார்த்தான். வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தான்.

ஜேசிபி குழியை ஆழமாகத்தான் தோண்டியிருந்தது. நாய் கிளற முடியாத ஆழம். மூளியை இறக்கினார்கள். சுண்ணாம்பு கொட்டினார்கள். செங்கோடன் ஒரு மண்வெட்டி, சாமி ஒரு மண்வெட்டி. மூடி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பினால் வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. பேண்டு வரவே இல்லை. பால் குடம் மூடியபடி இருந்தது. பொன்னகரிலிருந்து பால் வாங்க வருகிற நேரம் தாண்டியிருந்தது. ஒருவரும் வரவில்லை. செங்கோடன் போன் ஓயாமல் சிணுங்கியது. அதை எடுத்து மாட்டுத் தொட்டி விளிம்பில் கவிழ்த்து வைத்தார்.

"இனி ஒருத்தரும் வாங்க மாட்டாங்க சாமி."

சாமி குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"பால் இருக்குதுங்களே. காப்பி போடுங்க" என்றார்.

செங்கோடன் அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது வாசலில் நிழல் விழுந்தது. வத்சலா மேடம். காலையில் கட்டிய சேலை கசங்கியிருந்தது. ஒரு கையில் மாலை, ஆளுயரத்துக்கு, சாமந்தியும் சம்பங்கியுமாக. மறு கையில் பால் வாங்கும் தூக்கு.

"இப்பத்தான் வந்துச்சு" என்றார். மாலையைத் தூக்கிப் பிடிக்க அவருக்குப் பலம் போதவில்லை. "இதை எங்கே போடட்டும்? குழி மேலேயா?"

செங்கோடன் சாமியைப் பார்த்தார். சாமி கால் கழுவுவதில் மும்முரமாக இருந்தார்.

"நாரை உருவிட்டு மாட்டுக்குப் போடுங்க மேடம்" என்றார் செங்கோடன். "திங்கும்."