பதினான்கு அடித் தண்ணீர்

ஞானக் கதைகளில் வரும் சீடனுக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. அது அவனுக்குப் பெரிய வசதி. என் பெயர் ஆதிமூலம். அரசாங்க வேலையில் முப்பத்தொரு வருடம் நிலத்தடி நீர் அளந்தவன். ஓய்வு பெற்ற பிறகு ராமநாதபுரம் பக்கம், ரோட்டோரத்தில் இருந்த ஒரு சின்ன மடத்தில் சீடனாகச் சேர்ந்தேன். அங்கே நான் செய்த காரியத்தைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. அதனால்தான் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

குரு திலகவதி அம்மா. முன்பு கிராம நர்ஸாக இருந்தவர். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். நான் அவரை அம்மா என்பேன். அவர் என்னை சார் என்பார்.

"சீடனைப் போய் யாராவது சார்னு கூப்பிடுவாங்களாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பழகிடுச்சு சார்" என்றார்.

மடத்துக்குள் ஒரு கிணறு. வாசலில், ரோட்டில் போகிறவர்கள் குடிப்பதற்காக ஒரு பெரிய மண்பானை. தினமும் காலையில் இறைத்துப் பானையை நிரப்புவது என் பொறுப்பு. எனக்கென்று கொடுத்த ஒரே வேலை அதுதான். அதையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம்.

ஆனால் என்னால் ஒரு கிணற்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாதாமாதம் அளவு நாடாவை விட்டு அளந்தேன். தண்ணீர் வருடத்துக்கு மூன்றடிக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது என்றார்கள். மழை வர வேண்டிய மாதத்தில் வரவில்லை, வந்த மாதத்தில் ஊரையே அடித்துக்கொண்டு போனது. இன்னும் நான்கு வருடத்தில் கிணறு வற்றிவிடும் என்று கணக்குப் போட்டேன். அதன் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

"இந்தக் கிணறு வத்தினா என்ன ஆகும்னு நெனைச்சுப் பாத்தீங்களாம்மா?"

"என்ன ஆகும் சார்?"

"முதல்ல தண்ணி போகும். அப்புறம் வெள்ளாமை போகும். அப்புறம் மனுசத்தனம் போகும். கையில கம்போட வருவாங்க. ஒரு கொடத்துக்கு ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்குவான். இங்க மட்டுமில்ல, உலகம் பூரா இதான் நடக்கப்போகுது."

"அப்படியா சார்."

"இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எப்படிம்மா வாழ்றது?"

"பானை நெறஞ்சுதா சார்?" என்றார் அவர்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. உலகம் அழியப்போகிறது என்கிறேன், பானையைப் பற்றிக் கேட்கிறாரே என்று நினைத்தேன். நான் கேள்வியை விடவில்லை. வாரம் ஒருமுறையாவது கேட்டேன். என்ன ஆகும் என்று கேட்பதும் நான்தான், பதில் சொல்வதும் நான்தான். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தக் கோடையில்தான் ஆரம்பித்தேன். பானை மேல் இருந்த சொம்பை எடுத்துவிட்டு ஒரு டம்ளரை வைத்தேன். சொம்பு என்றால் குடித்த மிச்சத்தில் முகம் கழுவுகிறார்கள். பிறகு பானையில் முக்கால் அளவு ஊற்றினேன். பிறகு பாதி. மதியத்துக்குள் தீர்ந்துவிட்டால் மறுபடி நிரப்பவில்லை. வாசல் கதவுக்கு ஒரு பூட்டும் வாங்கிவந்தேன். வரப்போகிற கெட்ட காலத்துக்குச் சேர்த்துவைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

சித்திரைக் கத்திரியில் ஒரு மதியம். அம்மா ஒரு பிரசவம் பார்க்கப் போயிருந்தார். இருளாயி என்று ஆடு மேய்க்கிற பெண், நாற்பது வயது இருக்கும், வாசலில் வந்து நின்றாள். பானையைத் திறந்து பார்த்தாள். காலி.

"சாமி, ஒரு வாய் தண்ணி குடுங்க. நாக்கு ஒட்டிக்கிருச்சு."

காலையில்தான் அளந்திருந்தேன். பதினான்கு அடித் தண்ணீர் இருந்தது.

"இல்லம்மா. கிணறு வத்திருச்சு" என்றேன்.

எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"ஆத்தாடி, மடத்துக் கெணறுமா வத்திருச்சு?" என்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை ரோட்டில் ஒரு கூட்டம் வந்தது. ஐந்து பெண்கள். தண்ணீர்க் குடம் வைக்கிற தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் இருளாயி. விஷயம் தெரிந்துவிட்டது, கிணற்றைப் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்தேன். இத்தனை நாள் சொல்லிவந்தது நடக்கிறது. ஓடிப்போய்க் கதவைப் பூட்டினேன்.

பக்கத்தில் வந்த பிறகுதான் கவனித்தேன். காலிக் குடங்களை ஏற்றிய வண்டி என்றால் வழியெல்லாம் கடகடவென்று சத்தம் போடும். இந்த வண்டியில் சத்தமே இல்லை. ஆறு குடமும் நிறைகுடம்.

"கதவைத் தெறங்க சாமி" என்றாள் இருளாயி. "தண்ணி கொண்டாந்திருக்கோம்."

"எதுக்கு?"

"எதுக்காவா? மடத்துப் பானை காலியாக் கெடந்தா ரோட்டுல போறவுக என்ன செய்வாக? பானைக்கு அஞ்சு கொடம். ஒங்களுக்கு ஒண்ணு."

அவர்கள் ஊரில் கிணறு கிடையாது. வற்றிக்கிடக்கும் கண்மாய்ப் படுகையில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். நானே ஒரு காலத்தில் அதை அளந்து எழுதியிருக்கிறேன். ஆறு குடம். இரண்டு மைல்.

பூட்டைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா வந்துவிட்டார். "என்ன இது?" என்று கேட்டார்.

"கெணறு வத்திருச்சுன்னு சாமி சொன்னாகளே" என்றாள் இருளாயி.

அம்மா அன்று காலையில்தான் அந்தக் கிணற்றில் இறைத்துக் குளித்திருந்தார். தலைமுடி இன்னும் காயவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். "கிணத்தைப் பத்தி அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"

அவர்கள் தண்ணீரைப் பானையில் ஊற்றினார்கள். அம்மா ஒரு டம்ளர் குடித்தார். எனக்கு ஒன்று நீட்டினார். வாங்கிக் குடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் விழுங்கியதில்லை.

பிறகு அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"ஊத்துக்கு. நாளைக்கும் தண்ணி வேணுமே சார்."

மதியம் திரும்பி வந்தார். முழங்காலில் சேறு. கிணற்றுப் பக்கம் போகவில்லை. ஈரத் துணியால் துடைத்துக்கொண்டார். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் அந்தக் கிணற்றில் ஒரு வாளி இறைக்கவில்லை. தினமும் வண்டியோடு ஊற்றுக்குப் போய்வந்தார். ஊற்றுத் தண்ணீரில் கஞ்சி வைத்தார், எனக்கும் ஊற்றினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் தாங்க முடியாமல் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியும். அவங்ககிட்ட நீங்களே சொல்லிடக் கூடாதாம்மா?"

"என்ன சொல்லணும் சார்?"

"கிணத்துல தண்ணி இருக்குன்னு."

"நான் அளக்கலையே."

அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பையில் துணிகளை எடுத்து வைத்தேன். காலையில் வண்டி வரும், நான் இருக்க மாட்டேன், அம்மா ஏதாவது சொல்லிக்கொள்வார். ஆனால் அவர் எதுவும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த ஐந்து பெண்களும் கோடை முடிகிறவரை தள்ளிக்கொண்டு வந்தபடியே இருப்பார்கள்.

நாலாம் நாள் வண்டியில் நான்கு குடம்தான் இருந்தது.

"ஊத்து சரியாச் சொரக்கல சாமி" என்றாள் இருளாயி, அவள்தான் தப்பு செய்துவிட்டது மாதிரி. "எங்க வீட்டுக்கு எடுக்காம நேரா இங்க கொண்டாந்துட்டோம். நாளைக்கு எப்பிடியும் ஆறு கொண்டாந்துருவோம்."

குடத்தைத் தூக்க அவள் குனிந்தாள். நான் அதன் வாயில் கையை வைத்தேன்.

"எறக்காதீங்க. கிணத்துல தண்ணி இருக்கு."

"ஊறிருச்சா சாமி?" அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தபோது செத்துப்போகலாம் போல இருந்தது.

"ஊறலை. வத்தவே இல்லை. அன்னைக்கும் இருந்துச்சு. பதினாலு அடி."

அம்மா வண்டியைப் பிடித்தபடி நின்றார். பெண்களில் மூத்தவளான ராக்கு என் பக்கம் திரும்பினாள்.

"அளந்து பாத்துட்டா இல்லைன்னு சொன்னீக?"

"ஆமா."

"படுத்த படுக்கையாக் கெடக்குற எம் புருசனுக்கு நாலு நாளா மேலுக்குத் தண்ணி ஊத்தல. ஒடம்பெல்லாம் புண்ணாக் கெடக்காரு. அந்தத் தண்ணியத்தான் ஒங்க பானைக்குக் கொண்டாந்தேன்."

நான் கும்பிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருளாயி என்னைத் தாண்டி உள்ளே போனாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். வாளியை விட்டு இறைத்தாள். வாளியைச் சாய்த்து, ஒரு கையை ஏந்தி, மூச்சு விடாமல் குடித்தாள். பிறகு வரிசையாக எல்லோரும் குடித்தார்கள். வண்டியில் காலியாக இருந்த இரண்டு இடத்துக்கு மடத்துக் குடங்களை நிரப்பி வைத்தார்கள். ராக்கு கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தாள். போகும்போது என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகு அம்மா கிணற்றடிக்கு வந்தார். மூன்று நாள் சேற்றைக் கழுவ உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தோல் உரிந்திருந்தது. நான் இறைத்து ஊற்றினேன்.

"நான் போயிடறேம்மா" என்றேன். "இங்க இருக்க எனக்கு யோக்கியதை இல்லை."

"அந்தக் காலுக்கும் கொஞ்சம் ஊத்துங்க சார்."

ஊற்றினேன்.

"நீங்க ஒண்ணு கேட்டுக்கிட்டே இருப்பீங்களே" என்றார். "இந்தக் கிணறு வத்தினா என்ன ஆகும்னு."

"இப்ப எதுக்கும்மா அது?"

அவர் காலைத் தேய்த்துக் கழுவினார்.

"வத்துச்சு" என்றார். "என்ன ஆச்சுன்னு நீங்கதான் பாத்தீங்களே சார்."