கருமலைக்குப் பூ வைத்த கதை

வெறும்பொட்டல் எங்கே இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். வழி சொன்னால் போவீர்கள், போனால் ஊர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிடுவீர்கள். அப்புறம் உங்கள் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? ஊர் நல்ல ஊர். ஜனங்கள் தங்கமான ஜனங்கள். யார் எது சொன்னாலும் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். கோளாறே அதுதான்.

அந்த ஊரில் எந்த வீட்டுக்கும் ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் விளக்கு வெளிச்சம் வெளியே ஓடிவிடும், எண்ணெய் தண்டம் என்று அந்தக் காலத்திலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். வெளிச்சம் ஓடவில்லை. அடுப்புப் புகையும் ஓடவில்லை.

ஊர்த்தலைவர் உச்சிமாகாளியின் பெண்டாட்டி ஆவுடைத்தங்கம் அந்தப் புகையைக் குடித்துக் குடித்தே மூச்சிரைப்பு வாங்கிக்கொண்டாள். அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் நாலு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உச்சிமாகாளிக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. பெண்டாட்டி மேல் மனுஷனுக்கு அவ்வளவு பிரியம். பக்கத்து டவுனிலிருந்து வைத்தியரைக் கூட்டிவந்து காட்டினார்.

வைத்தியர் நாடி பார்த்தார். கூரையைப் பார்த்தார். கூரையிலிருந்து ஒட்டடை அவர் மூக்கில் விழுந்தது.

"இந்த அம்மா இனிமே கூரைக்குக் கீழ படுக்கவே கூடாது வே. மலைப்பக்கமாப் போயி, வெட்டவெளியில காத்து வாங்கிக் குடியிருக்கணும். ஆனா அவசரப்பட்டு ஏதோ ஒரு மலைக்குப் போயிராதயும். பொண்ணு பாக்குற மாதிரி நாலு இடம் பாத்து, நின்னு நிதானமா முடிவு பண்ணும்" என்று சொல்லிவிட்டுத் தும்மிக்கொண்டே வண்டி ஏறினார்.

ஆவுடைத்தங்கம் அன்றைக்கே தன் சேலைகளை ஒரு மூட்டையாகக் கட்டி, சுவர் ஆணியில் மாட்டினாள்.

"இந்தாருங்க, கத்திரி வெயிலு பொறக்கதுக்குள்ள ஒரு மலையப் பேசி முடிங்க. இல்லன்னா இந்த மூட்டையத் தூக்கிக்கிட்டு டவுனுல இருக்க எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அங்க படுக்க மொட்டமாடி இருக்கு. போனா திரும்ப மாட்டேன்" என்றாள்.

உச்சிமாகாளிக்குத் தெரியும்: ஆவுடை சொன்னால் செய்வாள். அன்றிலிருந்து எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மூட்டை ஆணியில் இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஊர் கூடியது. சொரிமுத்துதான் அந்த ஊரில் யோசிக்கிறவர். மற்றவர்கள் யோசிக்கவேண்டிய வேலையையும் அவரே பார்த்துவந்தார்.

"பொண்ணு பாக்குற மாதிரின்னு வைத்தியர் தெளிவாச் சொல்லிட்டாரு. மலைதான் பொண்ணு. அப்ப மாப்பிள்ள யாரு?" என்று கேட்டார்.

கல்யாணமாகாதவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"குடியிருக்கப்போறது ஊரு. அப்ப ஊருதான் மாப்பிள்ள" என்று சொரிமுத்துவே முடித்தார்.

பலவேசத்துக்கு எதிலும் சந்தேகம். "மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேப்பாவளே?"

"ஊருக்கு என்ன வே வேலை? ஒரே இடத்துல இருக்கதுதான் வேலை."

"அது போதும். எம் மருமவனும் அதத்தான் செய்யுதான்" என்று பலவேசம் ஒத்துக்கொண்டார்.

தாம்பூலத் தட்டு, வாழைப்பழச் சீப்பு, மல்லிகைப் பந்து எல்லாம் எடுத்துக்கொண்டு, நல்ல நேரம் பார்த்து, மாட்டுவண்டியில் மேற்கே கிளம்பினார்கள்.

முதலில் ஒரு பாறைமலை வந்தது. மலையடிவாரத்தில் ஜமக்காளத்தை விரித்து, வேட்டியைச் சரிபண்ணி, கௌரவமாக உட்கார்ந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் வரை இருந்தார்கள். மலை ஒன்றும் சொல்லவில்லை.

"வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி உண்டா? காப்பி கூட வேண்டாம், வாங்கன்னு ஒரு சொல்லு உண்டா?" என்று சொரிமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கைநனைக்க வழியில்லாத சம்பந்தம் நமக்கு எதுக்கு? கிளம்புங்க!"

அடுத்த மலை அழகுதான். ஆனால் உயரம் ஜாஸ்தி. மாப்பிள்ளையின் உயரமென்ன என்று பேச்சு வந்தது. ஊரிலேயே உயரமானது தெற்குத்தெரு பனைமரம். பொண்ணு பக்கத்தில் பனைமரத்தை நிறுத்தினால் ஜோடிப்பொருத்தம் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்கள். உச்சிமாகாளிக்குத்தான் கண்ணுக்குள் மூட்டை ஆடியது. நாளோ ஓடுகிறது, கத்திரியோ நெருங்குகிறது.

கடைசியில்தான் கருமலைக்கு வந்து சேர்ந்தார்கள். நல்ல கருப்பு. உச்சியில் மேகம் மூடியிருந்தது. இவர்கள் இறங்கிய இடத்துக்கு நேரே ஒரு சின்ன அருவி விழுந்து, ஓடிவந்து, இவர்கள் காலை நனைத்தது.

"பாத்தீரா! கேக்காமலே தண்ணி குடுக்கு" என்று உச்சிமாகாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

"முக்காடு போட்டிருக்கு. அடக்கமான பொண்ணு" என்றார் சொரிமுத்து.

பலவேசம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "கொஞ்சம் பூசினாப்புல இருக்கோ?"

"வாயக் கழுவும் வே! குடும்பத்துக்கு அதுதான் லட்சணம்."

அங்கே மாடத்தி என்று ஒரு பொம்பிளை ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். மலைக்குப் பக்கத்தில் நின்றதால் அவளைப் பொண்ணோட தாயாக்கிவிட்டார்கள். சொரிமுத்து தட்டை அவள் முன் வைத்து, வந்த விஷயத்தைச் சொன்னார். மாடத்தி முதலில் பயந்தாள். அப்புறம் தட்டிலிருந்த பழத்தைப் பார்த்தாள். ஒரு ஆட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?"

"மழைக்காலத்துல வந்து கேளுங்க, காது செவிடாயிரும்" என்றாள் மாடத்தி, பழத்தை உரித்துக்கொண்டே.

"சம்மதத்த நாங்க பொண்ணு வாயாலயே கேக்கணும்."

"கேளுங்களேன், யாரு வேண்டாம்னா?"

உச்சிமாகாளி எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உயிரைக் கொடுத்துக் கத்தினார்: "சம்மதமா?"

"சம்மதமா?" என்றது மலை.

"அது நம்மளத் திருப்பிக் கேக்கு! பதில் சொல்லுங்க அண்ணாச்சி!" என்று சொரிமுத்து துள்ளினார்.

"சம்மதம்!" என்று எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

"சம்மதம்!" என்றது மலை. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துப் பலவேசம் அவளுக்கு இன்னும் ரெண்டு பழம் கொடுத்தார்.

பூ வைக்கவேண்டுமே! தலை எட்டாத உயரத்தில் இருந்தது. அடிவாரத்துப் பாறை ஒன்றில் மல்லிகையைச் சுற்றினார்கள். சந்தோஷத்தில் உச்சிமாகாளி கேட்டுவிட்டார்: "அப்ப நாங்க எப்ப இங்க குடிவரலாம்?"

சொரிமுத்து அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். "அண்ணாச்சி! பொண்ணு மாப்பிள்ள வீட்டுக்கு வரணுமா, மாப்பிள்ள போயி பொண்ணு வீட்டுல உக்காரணுமா? நம்ம ஊருக்கே வீட்டோட மாப்பிள்ளைன்னு பேராயிரும். அப்புறம் வெளியூர்ல தலைகாட்ட முடியுமா?"

நியாயம்தானே? உச்சிமாகாளி நாக்கைக் கடித்துக்கொண்டார். "பொண்ண எப்ப அனுப்புவீங்க, சம்பந்தி?" என்று மாற்றிக் கேட்டார்.

"எனக்கென்ன, இப்பவே கூட்டிட்டுப் போங்க. ஆனா இத்தாம்பெரிய மலை வந்தா நிக்கதுக்கு எடம் வேணாமா? மொதல்ல எடத்த ஒழிச்சு வையுங்க" என்றாள் மாடத்தி.

திரும்பும்போது இன்னொரு அதிசயம் நடந்தது. வண்டி பனங்காட்டுப் பாதையில் ஓட ஓட, மரங்களெல்லாம் பின்னால் போயின. அவற்றுக்கும் அப்பால் கருமலை மட்டும் பின்தங்காமல் கூடவே வந்தது.

"நடக்கச் சொல்லிப் பாக்க மறந்துட்டோமேன்னு கவலப்பட்டேன். என்னமா நடக்கு பாரும்!" என்றார் பலவேசம். சோதித்துப் பார்க்க வண்டியை நிறுத்தினார்கள். மலையும் நின்றது. நாம் நின்றால் நிற்கிற பொண்ணு இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மலை அமைஞ்சிட்டு ஆவுடை!" என்று வாசலிலேயே கத்தினார் உச்சிமாகாளி.

"எப்ப போறோம்?"

"நாம எங்க போறது? அது வருது."

ஆவுடைத்தங்கமும் அந்த ஊரில் பிறந்தவள்தானே. முறை அதுதான் என்று அவளுக்கும் பட்டது. "வரட்டும். வந்த பெறவு மூட்டைய அவுக்கேன்" என்றாள்.

மறுநாளே இடம் ஒழிக்க ஆரம்பித்தார்கள். ஊருக்கு நடுவில்தான் இடம் சரியாக இருந்தது, அங்கே வீடுகள் இருந்தன என்பதைத் தவிர. வீடுகளைப் பிரித்தார்கள். பிரிக்கப் பிரிக்க, இந்த இடம் மலைக்குப் பத்தாது என்று தோன்றியது. ஓரத்து வீடுகளையும் பிரித்தார்கள். "அப்ப நாம எங்க படுக்க?" என்று பலவேசம் கேட்டதற்கு, "மலை வந்ததும் மலை மேல" என்றார் சொரிமுத்து.

ஊரில் ஒரே ஒரு சுவர் மட்டும் மிச்சமிருந்தது. ஆவுடையின் மூட்டை தொங்குகிற சுவர். அதை இடிக்க உச்சிமாகாளி சம்மதிக்கவேயில்லை. மூட்டையை ஆணியிலிருந்து கழற்றினால் அது ஆவுடை கைக்குத்தானே போகும்? அந்தப் பயத்தில் சுவருக்குக் காவலாக அதன் அடியிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

கத்திரி பிறந்தது. மலை வரவில்லை.

ஆவுடைத்தங்கம் ஊரின் அந்தக் கோடியிலிருந்து சுவரைப் பார்த்து விறுவிறுவென்று வந்தாள். உச்சிமாகாளி கையெடுத்துக் கும்பிட்டார். "ஆவுடை, உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? இன்னும் ஒரு நாளு பொறுத்துக்கோ" என்று அழுதே விட்டார்.

மூட்டையில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். மூச்சை இழுத்தாள். விட்டாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

"ஏங்க, இம்புட்டுத் தூரம் நிக்காம நடந்து வந்திருக்கேன். எனக்கு இரைக்கலியே?"

சொரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் யோசித்தார். "மலை கிளம்பிட்டு. ஆளு வருமுன்னே காத்து வந்துட்டு" என்றார். ஆவுடை மூட்டையிலிருந்து கையை எடுத்தாள். உச்சிமாகாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறமும் மலை வரவில்லை. ஊர் முழுக்க வானத்தைப் பார்த்துப் படுத்து, காற்று வாங்கி, நன்றாகத் தூங்கி எழுந்து, மேற்கே பார்த்துக் காத்திருந்தது. ஆடி பிறந்ததும் பலவேசம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். சொரிமுத்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆடி மாசம் வே! எந்தத் தாயாவது புதுப்பொண்ண ஆடியில அனுப்புவாளா?"

ஆனால் ஆடி பாதியிலேயே மேற்கே இருட்டிக்கொண்டு, குளுகுளுவென்று சாரல் அடித்தது. ஒதுங்க ஒரு கூரை இல்லை. குஞ்சு குளுவான் வரை எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள்.

"மலைச்சாரல்!" என்று சொரிமுத்து கூவினார். "சாரல் வந்துட்டுன்னா பின்னாலயே மலை வருதுன்னு அர்த்தம். ஆடின்னுகூடப் பாக்காம ஆசையில கிளம்பிட்டு!"

ஆவுடைத்தங்கம் ஓடிப்போய் மூட்டையைக் கழற்றினாள். உச்சிமாகாளி மறுபடி கும்பிடக் கையெடுத்தார். அவளோ முடிச்சை அவிழ்த்து, அடியிலிருந்த கல்யாணப் பட்டுச்சேலையை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"என்ன பாக்கீங்க? புது மருமவ வரும்போது பழஞ்சீலையோடயா நிப்பேன்? நான் எங்கயும் போகல. ஆரத்தியக் கரைங்க!"

உச்சிமாகாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊருக்கென்று இருந்த ஒரே குடையை எடுத்தார். விரிக்கக்கூட இல்லை, அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் மேற்கே ஓடினார்.

"எங்க ஓடுதீங்க?" என்று ஆவுடை கத்தினாள்.

"பொண்ணு மழையில தனியா வருதுல்லா! நனைஞ்சு சளி பிடிச்சிரும்!"

பலவேசம் கையை வாயில் குவித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"அண்ணாச்சி, நில்லும்! ஒரு குடை பத்தாது! பொண்ணு பூசினாப்புலன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா!"