கொடுக்கைக் கொடுத்துக் கூரை வாங்கிய தேனீ

அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கும் பேச்சு உண்டு. சும்மா பேச்சில்லை, சந்தையில் நின்று விலை பேசுகிற பேச்சு. கடலுக்கு அப்பால் வாழும் மாயர் இன மக்களின் காட்டுத் தேனீக்கு அப்போது கொடுக்கும் இருந்தது. ஒரு குத்து வாங்கினால் மூன்று நாளைக்கு வீக்கம் வடியாது.

அந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே சுருண்டது. மரப்பட்டையைத் தேனில் ஊறப்போட்ட பானத்தைப் படைக்காமல் மழைக்கடவுள் சாக் கண் திறக்கமாட்டார். ஊரிலோ ஒரு சொட்டுத் தேன் இல்லை. காட்டோரத்துப் பெரிய இலவமரப் பொந்தில் மட்டும் இருந்தது.

ஊரிலேயே துணிந்து மரமேறுகிறவள் இஷ்மூகுய். ஏறினாள். நாற்பது குத்து! பொத்தென்று விழுந்தாள். முகம் பூசணிக்காயாக வீங்கிப்போனது.

"ஏய் தம்மாத்துண்டுகளா! நாளைக்கு மரத்தோடு கொளுத்துறேன் பாருங்க!" என்று அடிமரத்தை உதைத்தாள்.

"கொளுத்திப் பாரு! தேனும் சேர்ந்துதான் எரியும். உன் சாமிக்குக் கரியைக் கரைச்சு ஊத்து!" என்று பொந்து வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் தூனிச், கூட்டின் காவல்காரி. அவள் பெயருக்கே கல் என்றுதான் பொருள்.

அவளைத் தள்ளிக்கொண்டு ராணித்தேனீ வெளியே வந்தாள். "கத்தாதே தாயி. உனக்கு ஒரு தேவை, எங்களுக்கு ஒரு தேவை. பேசுவோமா?"

தேனீக்களின் பாடும் திண்டாட்டம்தான். ஒரு மரநாய் தினமும் வந்து பொந்தைப் பிறாண்டியது. அதன் தடித்த ரோமத்துக்குள் கொடுக்கு இறங்கவில்லை. குத்திய தேனீதான் செத்தது. பொந்தின் வாய் அகலமாகிவிட்டது, பாதிக் குஞ்சுகள் போய்விட்டன. இன்னும் ஒருமுறை அது வந்தால் குலமே இருக்காது.

"வீடு தர்றேன்," என்றாள் இஷ்மூகுய். "குடைஞ்ச மரக்கட்டை. ரெண்டு பக்கமும் கல் வச்சு, மண் பூசி அடைச்சிடுவேன். நடுவில் உங்க உடம்பு நுழையுற அளவுக்கு ஒரே ஓட்டை. என் கூரைக்குக் கீழேயே இருக்கலாம்."

"விலை?" என்று கேட்டாள் ராணி.

"தேன் முழுக்க எனக்கு."

"அப்புறம் நாங்க காத்தைக் குடிக்கவா?" என்று தூனிச் சீறினாள். "பாதி!"

"சரி, பாதி. ஆனா கொடுக்கைக் கழட்டி வச்சுட்டுத்தான் என் வீட்டுக்குள்ளே வரணும். இந்த மூஞ்சியைப் பார்த்தியா?"

"முன்னாடியும் அப்படித்தானே இருந்திருக்கும்!" என்றாள் தூனிச்.

ராணிக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டாள். குலம் பிழைக்க வேறு வழி இல்லை.

இஷ்மூகுய் கட்டையைக் கொண்டுவந்து ஒரு பக்கத்தை அடைத்தாள். தேனடையை மரத்திலேயே விட்டுவிட்டுக் குஞ்சுகள் இருந்த அடைகளை மட்டும் பூப்போலத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"இப்போ கழட்டுங்க."

"முதல்ல அந்தப் பக்கத்தையும் கல் வச்சு அடைக்கட்டும்," என்றாள் தூனிச். "சரக்கு கைக்கு வருமுன்னே எவளாவது விலையைக் கொடுப்பாளா?"

ராணி கேட்கவில்லை. முதல் கொடுக்கை அவளே கழற்றி ஓர் இலைமேல் போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு தூனிச்சும் போட்டாள். அடுத்த நொடியே குளவிக் கூட்டம் ஒன்று பாய்ந்து வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு பறந்தது! ஓசியில் வந்த சரக்கல்லவா, அதனால்தான் குளவி இன்றும் கணக்கில்லாமல் குத்துகிறது.

அப்போது புதர் சலசலத்தது. மரநாய்!

ஒரு கணம் எல்லாம் நின்றது. மரத்தின் மேலே காவல் இல்லாத தேன். கீழே கொடுக்கு இல்லாத தேனீக்கள். மரநாயின் கண்ணோ குஞ்சுகள்மேல்தான். இஷ்மூகுய் தேனடையைப் பிய்த்துக்கொண்டு ஓடியிருந்தால் ஏனென்று கேட்க ஆளில்லை. அவள் ஓடவில்லை. பேசினால் பேசினதுதான்! வட்டக்கல்லைத் தூக்கிக்கொண்டு கட்டையின் திறந்த வாய்க்குப் பாய்ந்தாள்.

மரநாய் முந்திக்கொண்டது. தலையை உள்ளே நுழைத்தது. "உள்ளே ஓடுங்கடி!" என்று கத்தியபடி தூனிச் அதன் கண்ணிமையைக் கவ்வினாள். கொடுக்கு இல்லை, வாய் இருந்தது. கடித்தாள், முறுக்கினாள், விடவே இல்லை. மரநாய் ஊளையிட்டுத் தலையை வெளியே இழுத்து, உதறியது. தூனிச் கட்டையின் விளிம்பில் வந்து விழுந்தாள். ஒரு சிறகு ஒடிந்துவிட்டது.

மரநாய் மறுபடி பாய்ந்தது. இஷ்மூகுய்யின் கையில் கல். கல்லுக்கும் கட்டைக்கும் நடுவில் தூனிச்.

"நகருடி!"

"முடிஞ்சா நகரமாட்டேனா? மூடு!"

"நீ நசுங்கிடுவே!"

"பேரம் பேச இதுவா நேரம்? மூடுடி!"

மூடினாள்.

மரநாய் கல்லைப் பிறாண்டியது. கல் அசையவில்லை, அவள் முதுகு கொடுத்து நின்றாள். நகம் தேய்ந்து, கடிபட்ட கண்ணை மூடியபடி அது காட்டுக்குள் போய்விட்டது. உள்ளே ஆயிரம் சிறகுகளின் ரீங்காரம்.

இஷ்மூகுய் கட்டையைச் சுமந்துபோய்த் தன் கூரைக்குக் கீழே உயர்த்தி வைத்தாள். பேசியபடி மரத்திலிருந்த தேனில் பாதியை மட்டும் படையலுக்கு எடுத்துப் போனாள். படையல் முடியுமுன்னே வானம் பிளந்து கொட்டியது! ஊரே நனைந்து கூத்தாடியது. இஷ்மூகுய் மட்டும் மழையோடு கட்டையிடம் வந்தாள். விளிம்பில் ஒட்டியிருந்த தூனிச்சை நகத்தால் மெல்ல எடுத்தாள், ஓர் இளம் இலையில் சுற்றினாள், நடுவாசலுக்கு நேர் கீழே குழி தோண்டிப் புதைத்தாள்.

"வாயாடி," என்றாள்.

தலைக்குமேல் அந்தச் சின்ன ஓட்டையில் இன்னொரு காவல்காரி வந்து தலையை நீட்டினாள்.

அன்று முதல்தான் மாயர் நாட்டுத் தேனீ கொடுக்கில்லாமல் மனிதர் வீட்டுக் கட்டையில் குடியிருக்கிறது. அன்று முதல்தான் அதன் வாசலில் ஒரே ஒருத்தி காவல் நிற்கிறாள். தேன் எடுக்கும்போது தவறி ஒரு தேனீ நசுங்கிவிட்டால், எவ்வளவு அவசரமானாலும் வேலையை நிறுத்தி, இலையில் சுற்றிப் புதைத்த பிறகுதான் மறுபடி கட்டையில் கை வைக்கிறார்கள்.