அடைக்கலக் கல்லுக்குப் பூட்டு

அந்த மடத்து வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் உண்டு. அடைக்கலக் கல் என்பார்கள். ஓடி வந்தவர் கை அதில் பட்டுவிட்டால், துரத்தி வந்தவர் அதற்குமேல் அவரைத் தொடக்கூடாது. வெட்டுக்குத்துக்கு அஞ்சாத ஆட்கள்கூட அந்த ஒன்றுக்கு மட்டும் அஞ்சினார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கல்லைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு போட்டார் பொன்னம்பலநாதன். ஆடு உரசுகிறதாம், குடிகாரன் சாய்ந்து உட்காருகிறானாம். அவர் ஓய்வு பெற்ற ஆங்கில வாத்தியார். மடத்துத் தலைவி உமையம்மைக்குச் சீடர், ஆனால் வயதில் அவளைவிடப் பதினெட்டு மூத்தவர்.

"கல்லுக்கு எதுக்கு வாத்தியாரே காவல்?" என்று அம்மை அப்போதே கேட்டாள். பிறகு, ஆசைப்படுகிறார், போகட்டும் என்று விட்டுவிட்டாள். அது அவள் செய்த தப்பு. வாத்தியார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, 'தொழும் நேரம்: காலை 6 முதல் 8 வரை' என்று ஒரு போர்டும் மாட்டினார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஏழு வருடமாக ஆங்கிலம் தமிழ் அகராதி ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை தாளும் கையுமாக அம்மையிடம் வந்தார்.

"அம்மா, 'புரொடெக்ட்' என்கிற சொல்லுக்குப் பதினாலு தமிழ்ச் சொல் சேர்ந்திருக்கு. காத்தல், புரத்தல், ஓம்புதல், பேணுதல்... எதை முதல்ல போடன்னுதான் தெரியல."

அம்மை தாளை வாங்கவில்லை.

"நேத்து மத்தியானம் நான் இல்லாதப்போ யாரு வந்தா?"

"ஒரு பொண்ணும்மா. இருபது வயசு இருக்கும். வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டாளாம். அண்ணன்மார் தேடி வாராங்க, கல்லைத் தொடணும்னா."

"நீங்க?"

"மணி மூணு. போர்டைக் காட்டினேன். இந்தச் சொல்லு வேற பாதியில நின்னுது. நாலு வரி முடிச்சிட்டு வாரேன், இருன்னேன்."

"முடிச்சிட்டுப் போனீங்களா?"

"போனேன். அதுக்குள்ள கார்ல ஏத்திட்டாங்க. வீட்டு ஆளுங்கதானேம்மா."

அம்மை எழுந்து வாசலுக்குப் போனாள். அவரும் பின்னால் போனார். கூண்டின் முன் உட்கார்ந்து, கம்பிக்குள் கையை விட்டாள் அம்மை. தோள் வரை விட்டும் கல்லுக்கு நாலு விரற்கடை எட்டவில்லை. கம்பியடியில் சிவப்பு வளையல் துண்டுகள் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி, அவர் கையிலிருந்த தாளின் மேல் வைத்தாள்.

"பால்காரர் சொல்லிட்டுப் போனார். அந்தப் புள்ளை ராத்திரி மருந்து குடிச்சிட்டாளாம். அவங்க வீட்டுல சொல்றாங்க. விடியுமுன்ன எரிச்சும் முடிச்சாச்சு."

வாத்தியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அம்மை அதையும் வாங்கவில்லை.

"கல்லைக் காப்பாத்தணும்னுதான் அம்மா போட்டேன்."

"போட விட்டது நான்."

ஆடு ஒன்று வந்து கம்பியில் உடம்பை உரசிவிட்டுப் போனது. இருவரும் அதை விரட்டவில்லை.

"வாத்தியாரே, அந்தப் புள்ளை உங்ககிட்ட என்ன சொல்லிக் கேட்டா? காப்பாத்துங்கன்னா?"

"இல்லம்மா."

"பின்னே? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."



"'தொறங்கய்யா'ன்னா. நான் எழுதி முடிக்கிற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தா. 'தொறங்கய்யா, தொறங்கய்யா'ன்னு."

"அதை முதல்ல போடுங்க" என்றாள் அம்மை.