கல்லில் சிறுத்த ‘நான்’

“கல்லில் இவ்வளவு பெரிய ‘நான்’ காலை நீட்டிப் படுத்தால், மூத்தவர் எங்கே படுப்பார்?” என்றது புள்ளி எருது.

“ஓரமாக ஒண்டிக்கொள்வார். அவருக்குப் பழக்கம்தானே,” என்றது கருப்பு எருது.

அந்தக் காலத்தில் மாடுகளுக்கும் பேச்சு இருந்தது. த்ரீனா ஆற்றை ஒட்டிய மலையூரில் கல் செதுக்கிக்கொண்டிருந்த ராதோயேயின் காதில் இது தற்செயலாக விழுந்தது. உளி நின்றுவிட்டது.

உயிரோடு இருக்கும்போதே தங்கள் கல்லறைக் கல்லைச் செய்து வைத்துக்கொள்வது அந்த நாட்டு வழக்கம். ராதோயேவுக்கும் அவன் அண்ணன் வூக்கனுக்கும் சேர்த்து ஒரே கல். பனிக்காலத்தில் மலையிலிருந்து அதைச் சறுக்குவண்டியில் இறக்கும்போது கயிறு அறுந்தது. கல் தம்பியின் மேல் சரியாமலிருக்க, வூக்கன் தன் காலை அடியில் கொடுத்தான். அதன் பிறகு அவன் நெடுநாள் படுக்கையோடு கிடந்தான்; இப்போதுதான் தடியூன்றி நடக்கத் தொடங்கியிருந்தான். பிள்ளைகள் இல்லாதவன். தன் பெயரை வழியில் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வெட்டச் சொல்லியிருந்தான், அவ்வளவுதான்.

எழுத்து தெரிந்தவன் ராதோயே ஒருவன்தான். எந்த எழுத்தைப் பெரிதாக வெட்டுவது, எதைச் சிறிதாக வெட்டுவது என்று அப்போது ஒரு முறையும் கிடையாது. ‘நான் ராதோயே. நான் இந்தக் கல்லை இறக்கினேன்’ என்று தொடங்கினான். ஒவ்வொரு ‘நானும்’ ஒரு சாண் உயரம். போகப் போக இடம் குறைந்தது. கடைசியில் அண்ணன் பெயர், புல் மூடிவிடும் அடிவிளிம்பில், கட்டைவிரல் அளவுக்கு ஒடுங்கியது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். எருதுகள் பேசியதைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து வூக்கன் தடியூன்றி வந்து சேர்ந்தான். கல்லை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

“இதில் நான் எதுடா?”

மேலே இருந்த பெரிய எழுத்தைக் காட்டினால் போதும். அண்ணன் நம்பிவிடுவான். ராதோயேயின் விரல் பாதி தூரம் எழும்பியும் விட்டது. எருதுகள் அசைபோடுவதை நிறுத்தின.

விரலை மடக்கிக்கொண்டான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல், “இன்னும் முடியவில்லை அண்ணா. நீங்கள் உள்ளே போய் இருங்கள்,” என்றான்.

பிறகு அந்த முகப்பு முழுவதையும் கொத்தி எடுத்தான். கற்பொடி கண்ணை உறுத்தியது, துடைத்துக்கொள்ளவில்லை. எழுத்தில்லாமல் வெறுமையான கல்லில் முதலிலிருந்து ஆரம்பித்தான். ‘வூக்கன் அண்ணா, நீங்கள் காலைக் கொடுத்தீர்கள்.’ பெயரும் ‘நீங்களும்’ ஒரு சாண் உயரத்துக்கு எழுந்தன. மிச்சமிருந்த இடத்தில் ‘நான் உங்கள் தம்பி’ என்று சிறிதாக வெட்டினான்.

செர்பிய-குரோவேஷிய மொழிக்காரர்கள் மரியாதைக்குரிய ஒருவருக்குக் கடிதம் எழுதும்போது ‘நீங்கள்’ என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்குவதும், ‘நான்’ என்பதை வாக்கியத்தின் நடுவில் சிறிய எழுத்திலேயே விட்டுவிடுவதும் அன்று முதல்தான்.

மறுபடியும் வந்த வூக்கன், தம்பி காட்டிய பெரிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

“சரி, நீ எங்கேடா இருக்கிறாய்?”

ராதோயே குனிந்து, கல்லின் அடியில் புல்லை விலக்கிக் காட்டினான்.