உப்புப்பொடிக் கம்பெனி கணினிக்கு மாறிய கதை

ஏந்தல்குடித் தொழிற்பேட்டையில் மருந்துக் கம்பெனி ஒன்று நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. வாந்திபேதி கண்டவர்கள் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சர்க்கரைப் பொடியைப் பொட்டலம் போடுவதுதான் அதன் தொழில். பொடியை எந்திரம் கலந்தது. பொட்டலத்தையும் எந்திரமே ஒட்டியது. மிச்சமிருந்த வேலையைக் கெடுப்பதற்கு மூன்று பேர் இருந்தார்கள்.

முதலாவது, முதலாளி வன்மீகநாதன். கம்பெனி அவருக்கு மாமனார் கொடுத்தது. கூடவே கொஞ்சம் மூளையும் கேட்டு வாங்கியிருக்கலாம்; கல்யாண அவசரத்தில் விட்டுவிட்டார். இரண்டாவது, தர அதிகாரி அரங்கண்ணல். எதைக் காட்டினாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை பார்ப்பார், மாட்டிக்கொண்டு ஒரு தடவை பார்ப்பார், "இதுல ஒரு சந்தேகம் இருக்கு" என்பார். மூன்றாவது, கணினிப் பொறுப்பாளர் குலோத்துங்கன். கம்பெனிக்குக் கணினி வருவதற்கு ஆறு வருஷம் முன்பிருந்தே அந்தப் பதவியில் இருந்தார். அந்த ஆறு வருஷத்தில் ஒரு தப்புகூடச் செய்யவில்லை என்று நல்ல பெயர்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனி மருந்துக் கம்பெனிகள் எல்லாம் கணினிக்கு மாற வேண்டும். அலுவலகத்தில் காகிதமே இருக்கக் கூடாது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது. கணினியில் அனுமதி பதிவாகாமல் சரக்கு வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டிய பிறகு, அது எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று கடைசிவரை கண்காணிக்க வேண்டும். புத்தியுள்ளவர் கையில் கிடைத்திருந்தால் அதில் ஒரு பொல்லாப்பும் இல்லை.

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு அதை ஏழு தடவை படித்தார்கள். பிறகு எழுந்து காகிதத்தை ஒழிக்கப் புறப்பட்டார்கள்.

பீரோவில் இருந்த பதினெட்டு வருஷக் கோப்புகளைக் கொல்லைப்புறத்தில் குவித்தார்கள். நாள்காட்டி போனது. வருகைப் பதிவேடு போனது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த மருந்து உரிமத்தின் முன்னால் வந்ததும் மூவரும் நின்றுவிட்டார்கள்.

"இது காகிதமா, கண்ணாடியா?" என்று கேட்டார் வன்மீகநாதன்.

அரங்கண்ணல் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல ஒரு சந்தேகம் இருக்கு சார். வெளிய கண்ணாடி, உள்ள காகிதம்."

"அப்ப கண்ணாடியை வச்சுக்குவோம், காகிதத்தைக் கொளுத்துவோம். சட்டத்துக்கும் பாதகமில்ல, நமக்கும் நஷ்டமில்ல" என்றார் குலோத்துங்கன்.

உரிமத்தை உருவிக் குவியலில் போட்டுவிட்டு, வெறும் சட்டத்தைத் துடைத்துப் பழைய ஆணியில் மாட்டி, தினப்படி ஊதுபத்தியும் காட்டினார்கள். சுற்றறிக்கையும் காகிதம்தானே என்று கடைசியாக அதையும் நெருப்பில் போட்டார்கள். அதிலிருந்து கம்பெனி அவர்களுடைய ஞாபகசக்தியை நம்பி நடந்தது.

அடுத்து கணினி. அதைத் திறப்பதற்குக் கடவுச்சொல் வைக்க வேண்டும். குலோத்துங்கன் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துகளைத் தட்டினார். திரையில் எழுத்துக்குப் பதில் புள்ளி புள்ளியாக வந்தது. கையை எடுத்துவிட்டார்.

"சார், பார்த்தீங்களா? நான் தட்டுறதை எனக்கே காட்ட மாட்டேங்குது."

"ஏன்?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல? நானும் ஒரு ஆள்தானே!"

வன்மீகநாதன் அசந்துபோனார். அவ்வளவு தூரம் தாம் யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். குலோத்துங்கன் ஒரு துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு, பத்து விரலாலும் விசைப்பலகையில் மிருதங்கம் வாசித்தார். அதையே மறுபடியும் தட்டு என்றது கணினி. மறுபடியும் வாசித்தார். பொருந்தவில்லை. காலையில் தொடங்கியவர் சாயங்காலம் டீ வரும்வரை வாசித்தார். முட்டாள்களுக்கென்று ஒரு தெய்வம் இருக்கிறது போலும். எப்படியோ ஒரு தடவை பொருந்திவிட்டது. 'உங்கள் கடவுச்சொல் மிகவும் வலுவானது' என்று திரை பாராட்டியது.

"இப்ப இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் முதலாளி.

"ஒருத்தருக்கும் தெரியாது சார். சத்தியமா எனக்கும் தெரியாது."

மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கணினியும் அன்றோடு படுத்துவிட்டது. அனுமதி பதிவாகாததால் சரக்கு நின்றது. எந்திரத்துக்கு இந்த விவரம் தெரியாது. அது பாட்டுக்குப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் நாற்பதாயிரம் பொட்டலம் கிடங்கின் கூரையைத் தொட்டது.

அந்த வாரம் மழை பிடித்தது. ஏந்தல்குடியில் சாக்கடை உடைந்து குடிதண்ணீர்க் குழாயில் கலந்தது. இரண்டே நாளில் ஆஸ்பத்திரியில் நூற்று நாற்பது பேர். கட்டிலுக்கு இரண்டு பேர், கட்டிலுக்கு அடியில் ஒருவர். ஆஸ்பத்திரி மருந்தாளுநர் தில்ஷாத் கையிருப்பைக் காலையிலேயே கொடுத்துத் தீர்த்துவிட்டாள். எதிர்த்த டீக்கடையில் சர்க்கரையும் உப்பும் வாங்கி அளந்து கலக்கினாள். மத்தியானம் டீக்கடையில் சர்க்கரை தீர்ந்தது. ஒரு பிள்ளைக்குக் கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வரவில்லை. தில்ஷாத் ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலில் வந்து இறங்கினாள்.

"சார், ஆயிரத்து இருநூறு பொட்டலம் வேணும். இப்பவே வேணும்."

"தாராளமா எடுத்துக்கங்கம்மா. கணினி அனுமதிச்சா போதும்" என்றார் வன்மீகநாதன்.

"அனுமதிக்கச் சொல்லுங்க."

"அதைத் திறக்க முடியாதும்மா. அவ்வளவு பாதுகாப்பா வச்சிருக்கோம்."

தில்ஷாத் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். திரையைக் காட்டினாள். "இதோ, 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?'ன்னு கேக்குது பாருங்க. ஆமான்னு அமுக்குங்க."

அரங்கண்ணல் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "இதுல ஒரு சந்தேகம் இருக்கு. மறக்கணும்னா முதல்ல தெரிஞ்சிருக்கணும். குலோத்துங்கனுக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை எப்படி மறப்பாரு?"

"ஆமாம்மா, நான் எதையும் மறக்கலை. ஆமான்னு அமுக்கினா பொய்த் தகவல் ஆயிடும்" என்றார் குலோத்துங்கன்.

"பொய்த் தகவல் கொடுத்தா உரிமம் போயிடும்" என்று வன்மீகநாதன் சுவரிலிருந்த வெறும் சட்டத்தைப் பயத்தோடு பார்த்தார்.

"அங்க ஒரு பிள்ளை செத்துக்கிட்டிருக்கு சார்!"

"அதனாலதாம்மா நிதானமா முடிவெடுக்கணும்."

தில்ஷாத் குலோத்துங்கனை நாற்காலியோடு தள்ளிவிட்டு, தானே அமுக்கினாள். 'நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதி செய்யவும்' என்றது திரை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதையும் நானே செஞ்சுக்கறேன். உங்களுக்காக உறுதி சொல்ல எனக்கு மனசு வரல" என்று அவளே கட்டத்தைத் தொட்டாள்.

வன்மீகநாதனின் போன் கிணுங்கியது. ஆறு இலக்க எண் ஒன்று வந்திருந்தது. எடுத்துப் படித்தவர் முகம் மாறிவிட்டது. போனைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

"என்ன நம்பர் சார்?"

"சொல்ல மாட்டேன். 'யாரிடமும் பகிர வேண்டாம்'னு எழுதி வந்திருக்கு."

"என்கிட்ட சொல்ல வேண்டாம். நீங்களே கணினியில தட்டுங்க."

"கணினிகிட்ட சொன்னா மட்டும் சொன்னதாகாதா?"

இதைப் பற்றி மூவரும் பேசத் தொடங்கினார்கள். சொல்வது வேறு, தட்டுவது வேறு என்றார் குலோத்துங்கன். ஊமை கையால் காட்டினால் அது சொல்வதுதானே என்றார் அரங்கண்ணல். ஊமைக்குக் கணினி வாங்கிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பது முதலாளிக்கு ஏற்பட்ட கவலை. பேசி முடிப்பதற்குள் எண் காலாவதியாகி வேறு எண் வந்தது. அதுவும் காலாவதியானது. மூன்றாவது எண் கிணுங்கியபோது, தில்ஷாத் மேசை மேல் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து முதலாளி மடியில் கவிழ்த்தாள். "ஐயோ, போனு!" என்று அவர் அதை வெளியே எடுத்தார். அவள் பறித்தாள், பார்த்தாள், தட்டினாள். கணினி திறந்தது. புதுக் கடவுச்சொல்லாக அவள் எதையோ வைத்தாள். அதை இங்கே அச்சில் போட முடியாது.

பன்னிரண்டு பெட்டி ஆம்புலன்ஸில் ஏறியது. கூடவே மூவரும் ஏறிக்கொண்டார்கள்.

"நீங்க எங்க சார்?"

"கடைசிவரை கண்காணிக்கணும்னு உத்தரவும்மா" என்றார் அரங்கண்ணல்.

இறக்கிவிட நேரமில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் தில்ஷாத் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஆறு கைகள். அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"பொட்டலம் தண்ணியில விழறதைக் கண்ணால பார்த்தாத்தானே கண்காணிப்பு? தண்ணியைக் கொதிக்க வைங்க. ஆற வைங்க. ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம். நீங்களே கலக்கி, நீங்களே குடுங்க."

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர்களால் ஒரு நோயாளிக்குப் பிரயோஜனம் உண்டானது. குலோத்துங்கன் கலக்கினார், வன்மீகநாதன் டம்ளரை ஏந்தினார், அரங்கண்ணல் ஒவ்வொரு மிடறையும் போனில் பதிந்தார். கண்ணீர் வராத பிள்ளை சாயங்காலம் ஓவென்று அழுதது. கன்னம் நனைந்தது. தில்ஷாத் சுவரில் சாய்ந்துகொண்டு அவளும் கொஞ்சம் அழுதாள்.

ஆனால் கடைசி என்பது எது? குடித்ததோடு முடிந்துவிட்டதா? வன்மீகநாதன் முடிந்தது என்றார். அரங்கண்ணல் ஒத்துக்கொள்ளவில்லை. "உள்ள போனது இடைநிலை சார். கடைசி நிலை வேற." இதைச் சொல்லிவிட்டு, பொடிக் கரைசல் குடித்துக் கிடந்த மீன்கூடைக்காரி சீனியம்மாள் எழுந்து நடந்ததும் பின்னாலேயே நடந்தார்.

கழிப்பறை வாசலில் அவள் திரும்பினாள். "ஏன்யா, இங்கயுமா வருவ?"

"நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் நேரத்தை மட்டும் குறிச்சுக்கறேன்."

அவள் செருப்பைக் கழற்றினாள். அரங்கண்ணல் அதன் நேரத்தையும் குறித்துக்கொண்டார்.

நான்காவது நாள் எல்லாரும் பிழைத்து வீடு போனார்கள். மூவரும் கம்பெனிக்குத் திரும்பி, தில்ஷாத்திடம் கெஞ்சிக் கணினியைத் திறந்துவாங்கி, கணக்கை முடிக்க உட்கார்ந்தார்கள். 'சரக்கின் இறுதி நிலை' என்று கேட்டது திரை. கீழே மூன்று விடை இருந்தது: விற்பனையானது, சேதமானது, திரும்பி வந்தது.

"அரசாங்க ஆஸ்பத்திரி. விற்பனை இல்லை" என்றார் வன்மீகநாதன்.

"சேதமும் இல்லை. ஜனங்க பிழைச்சிட்டாங்க" என்றார் குலோத்துங்கன்.

அரங்கண்ணல் போனில் நான்கு நாளாகக் குறித்து வைத்திருந்ததைப் புரட்டினார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவே இல்லை. "சார், இதுல சந்தேகமே இல்லை. அத்தனையும் திரும்பி வந்திருக்கு. நேரத்தோட இருக்கு."

திரும்பி வந்தது என்று அமுக்கினார்கள். உடனே கணினி உத்தரவு போட்டது: திரும்பிய சரக்கைச் சேகரித்து, எடை போட்டு, கிடங்கில் தனியாக வைத்துத் தரப் பரிசோதனை செய்யவும்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கொல்லையில் கழிவுத்தொட்டி லாரி வந்து நின்றது. மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக் கழிவுத்தொட்டி நிரம்பி வழிந்து, அதை எடுக்கச் சொல்லி இரண்டு மாதமாக மனு எழுதிக்கொண்டிருந்தவள் தில்ஷாத். விஷயத்தைக் கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒரு சொட்டு விடாம எடுத்துக்கங்க சார், எல்லாம் உங்க சரக்குதான்" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

லாரி கம்பெனிக் கிடங்கின் வாசலில் பின்பக்கமாக வந்து நின்றது. டிரைவர் லூர்துசாமி இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருந்தவர். எங்கே கொட்டுவது என்று அவர் கேட்டதற்கு, "குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்துல" என்றார் தர அதிகாரி. லூர்துசாமி முகத்துண்டை அவிழ்த்துவிட்டு மூவரையும் நன்றாகப் பார்த்தார்.

"அதுக்கு முன்னாடி அளவு பாருங்க" என்றார் முதலாளி.

அரங்கண்ணல் லாரியின் அளவுக்குழாயைப் பார்த்தார், போனில் கணக்குப் போட்டார், மறுபடியும் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சார், நாம அனுப்பினது இருபத்தஞ்சு கிலோ. திரும்பி வந்திருக்கிறது நாலாயிரம் லிட்டர்."

"அப்படின்னா?"

"மோசம் போயிட்டோம் சார். இதுல வேற கம்பெனிச் சரக்கும் கலந்திருக்கு!"

வன்மீகநாதன் நெடுநேரம் யோசித்தார். பிறருடைய பொருள் ஒரு துளிகூட நமக்கு வேண்டாம் என்று வளர்க்கப்பட்டவர் அவர். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு சொன்னார்:

"குழாயைத் திறங்க. நம்மளுதை மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டு, மத்தவங்களுதை மரியாதையா அவங்கவங்க கம்பெனிக்கு அனுப்பிடுவோம்."